முன் இடது சில்லு, பூச்சியம்

என் காலில் ஒரு பிழையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப்பேர் என் காலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார்கள்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். எப்படிப் போனது என்று வெளியூரார்தான் கேட்பார்கள். போர் நடந்த வன்னியில் அது ஒரு கேள்வியே இல்லை. இடது கால் நான் பிறக்கும்போது கொண்டுவந்தது, நல்ல சுகமாக இருக்கிறது. அந்த ஒற்றைக் காலால்தான் கார் ஓட்டுகிறேன். கியர் மாற்றத் தேவையில்லாத சின்ன யப்பான் கார். பிறேக்குக்கு இடப்பக்கம் எனக்கென்று ஒரு அக்சிலேற்றர் பெடல் பொருத்தியிருக்கிறது. இரண்டு காலுள்ள யாராவது ஓட்டவேண்டுமென்றால் அதை மடித்து மேலே கொளுவிவிட்டு வழமையான பெடலை மிதிக்கலாம். ஓட்டிக் காட்டி, முறைப்படி லைசென்ஸ் எடுத்திருக்கிறேன்.

கிளிநொச்சியில் வீடு, கண்டாவளைப் பக்கம் பள்ளிக்கூடம். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கார் வருவதற்கு முன் எட்டு வருடம் என் கணவரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போய்வந்தேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, பழகவும் விருப்பமில்லை. அவருடைய கந்தோர் வேலை முடியும்வரை நான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். பெற்றோர் கூட்டமோ, விளையாட்டுப் போட்டியோ, சுகமில்லாத ஒரு பிள்ளையின் வீடோ, எதற்கும் அவருடைய நேரத்தைக் கேட்டுத்தான் போகவேண்டும். கார் வந்த அன்றிலிருந்து நான் யாரையும் கேட்பதில்லை. இந்தக் கதையில் என் கையை விட்டுப் போகப் பார்த்தது அதுதான்.

போன மாரி முடியும்போது காரின் முன்பக்கம் ஒவ்வொரு பள்ளத்திலும் டொக், டொக் என்று அடிக்கத் தொடங்கியது. இடது சில்லுப் பக்கம் ஒரு இரைச்சல். பிறேக் பிடித்தால் கீச்சென்ற சத்தம். எங்கள் றோட்டுகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கிட்டவுள்ள கராச்சில் கொண்டுபோய் விட்டேன்.

அந்த மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. போரின்போது வன்னிக்குப் பொருள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்த கைகளில் அவருடையதும் ஒன்று. முன்பக்கச் சொக் இரண்டையும் மாற்றினார், கீழே உள்ள புஷ்களை மாற்றினார், பிறேக் பாட்களை மாற்றினார், இடது சில்லைச் சுழலவைக்கிற பெயரிங் வளையத்தையும் மாற்றினார். மூன்றாம் நாள் காரைத் தரும்போது ஒரு பெருமையோடு சொன்னார்:

“பெயரிங்கை நம்பர் வெளியால தெரியிற மாதிரித்தான் போட்டிருக்கிறன் ரீச்சர். நாளைக்கு ஆர் கழட்டினாலும் முழுக்கப் பிரிக்காமல் நம்பரை வாசிச்சுப்போடலாம். அது எங்கட பழைய பழக்கம்.”

தடைக் காலத்தில் பெயரிங் உடைந்தால் வாங்கக் கடை இல்லை. வவுனியாப் பக்கம் போகிற யாரிடமாவது நம்பரைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம்பர் உள்ளே இருந்தால் அதை வாசிப்பதற்கே எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் நம்பர் எப்போதும் வெளிப்பக்கம். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்தவரை நினைத்துச் செய்கிற வேலை என்று அவரைப் பாராட்டினேன். அந்தப் பாராட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

கராச்சிலிருந்து வெளியே வந்து பெரிய றோட்டில் ஏறிக் கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை, முன் தட்டில் இரண்டு மஞ்சள் லைற்றுகள் எரிந்தன. ஒன்று பிறேக்குக்குரியது: சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்பது. மற்றது ஒரு சின்னக் காரும் அதன் பின்னால் நெளிந்து போகும் இரண்டு கோடுகளும். கார் வழுக்கினால் தானாகப் பிடித்து நேராக்குகிற ஏற்பாடு நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம். காரின் புத்தகத்தைத் தேடி வாசித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அது சும்மா லைற் ரீச்சர். புதுச் சாமான் போட்டால் அப்பிடித்தான். ரெண்டு மூண்டு நாள் ஓட நூந்திடும்.”

நான்கு நாள் ஓடினேன். நூரவில்லை, இரண்டும் எரிந்தபடியே இருந்தன. சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு கராச்சுக்குப் போனேன். அவரை ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்று இன்றுவரை என்னையே கேட்கிறேன். பெண்ணாகத் தனியே போனால் வேலை நடக்காது என்று நினைத்தேனாக்கும்.

மெக்கானிக் பற்றறி வயரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்துத் திரும்பப் பூட்டினார். லைற்றுகள் இல்லை. என் பெடலை மடித்துக் கொளுவிவிட்டு, காரைக் கராச் வளவுக்குள் ஆமை வேகத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். லைற் வரவில்லை. இறங்கி வந்து என் கணவரைப் பார்த்துச் சொன்னார். கவனியுங்கள், என்னைப் பார்த்து அல்ல.

“பாத்தீங்களோ? நான் ஓடேக்க லைற் வரேல்லை. இப்ப ரீச்சர் ஓடட்டும்.”

நான் ஓட்டினேன். பெரிய றோட்டுக்கு ஏறி, வழமையான வேகத்தில். லைற் இரண்டும் பளிச்சென்று வந்தன. திரும்பி வந்ததும் அவர் தலையை ஆட்டினார்.

“கார் சரி. இது ரீச்சரின்ர காலால வாறது. இந்த எக்ஸ்ட்ரா பெடலும் பிறேக்கும் பக்கத்தில பக்கத்தில கிடக்கு. ஓடேக்க கால் பிறேக்கிலயும் பட்டுக்கொண்டிருக்கும். அவவுக்குத் தெரியாது. கார் குழம்புது.”

“ஓம், அப்பிடி இருக்கலாம்” என்றார் என் கணவர்.

அந்த ‘ஓம்’ எனக்குக் கன்னத்தில் விழுந்த அடி. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒரு பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறேன். இந்த மெக்கானிக் ஓட்டுகிற ஆளையும் மாற்றினார், வேகத்தையும் மாற்றினார், பிறகு காலைக் குற்றம் சொன்னார். அதோடு, இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் மிதிக்க இரண்டு கால் வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்று. இந்த ஊரில் அந்தப் பிழையை விடவே முடியாத சாரதி ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது நான்தான்!

“அப்ப நீங்களும் றோட்டில ஏறி என்ர வேகத்தில ஓடிப் பாருங்கோ” என்றேன்.

“எனக்கு வேலை கிடக்கு ரீச்சர்” என்றார். “லைற்தான் கரைச்சலெண்டால் கறுப்பு ரேப் ஒரு துண்டு ஒட்டிவிடுறன். அந்தக் காலத்தில எந்த லைற்றைப் பாத்து ஓடினனாங்கள்?”

அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறு வழி இல்லை. இல்லாததைக் கொண்டு சமாளித்தோம். இப்போது இருப்பதை மூடிக்கொண்டு சமாளி என்றால் எனக்குப் பொறுக்காது. ரேப் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். வழியில் கணவருக்கு என் நியாயத்தை எல்லாம் சொன்னேன். “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டு வந்தார். கேட்டது காதுதான். கண் என் காலில் இருந்தது.

அடுத்த கிழமை கண்டாவளை றோட்டில் அறுவடை நெல் காயப் போட்டிருந்தார்கள். எல்லா வருடமும் போடுவதுதான்; பாதி றோட்டு நெல்லுக்கு, பாதி எங்களுக்கு. ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. பிறேக்கை அழுத்தினேன். சில்லுகள் இறுகிப் பூட்டிக்கொண்டு நெல்லுக்கு மேலே சறுக்கின. ஸ்ரியரிங்கைத் திருப்பத் திருப்பக் கார் நேராகவே போய், வாய்க்கால் கரையில் ஒரு முழம் மிச்சம் இருக்க நின்றது. எரிந்துகொண்டிருந்த அந்த லைற் சொன்னது இதைத்தான்.

நெல்லுக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். வந்து யன்னலுக்குள்ளே எட்டிப் பார்த்தார். செயற்கைக் காலைக் கண்டார். குரல் அப்படியே இறங்கியது.

“பாவம்... ஏன் பிள்ளை இந்தக் காலோட இதெல்லாம்?”

அவர் தொடர்ந்து கத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நெல் அவருடையது, சிதறடித்தது நான். அந்தப் ‘பாவம்’ என் வாயை அடைத்துவிட்டது. வீட்டுக்கு வரும்வரை இருபதுக்கு மேலே ஓட்டவில்லை. பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

நடந்ததைக் கணவரிடம் மறைக்காமல் சொன்னேன். மறைத்திருக்கலாம். அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வேலைப் பட்டியல் ஒட்டினார்கள். ஒவ்வொரு வருடமும் ஓட்டங்களுக்கு நேரம் எடுப்பது நான். இந்தமுறை என் பெயர் இல்லை. அதிபரைக் கேட்டேன். “நீங்கள் இந்தமுறை ஆறுதலா இருங்கோ ரீச்சர்” என்றார். ஏனென்று விளங்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் தேநீர் குடிக்கும்போது கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

“திங்கக்கிழமையில இருந்து உமக்கு ஓட்டோ ஒண்டு பேசியிருக்கிறன். காலமை கொண்டுபோய் விட்டு, பின்னேரம் ஏத்திக்கொண்டு வருவார். காரை ஆரும் கேட்டால் குடுப்பம்.”

“ஆரைக் கேட்டுப் பேசினனீங்கள்?”

“கோவிக்காதையும். உமக்கு ஒண்டு நடந்திட்டால்?”

அவர் பயத்தில் செய்தார் என்று எனக்குத் தெரியாமலில்லை. பயந்தவர் என்னிடம் வந்து பயமாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். முடிவை எடுத்துவிட்டு வந்து தேநீரோடு தருவது என்ன வகை அன்பு? எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் கால்தான் காரணம் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர், வவுனியாவில் கார் வயரிங் வேலை செய்கிற ஒருவரிடம் ஸ்கானர் மெசின் இருப்பதாகச் சொன்னார். காரில் கொளுவினால் எந்த இடத்தில் பிழை என்று அதுவே சொல்லுமாம். சனிக்கிழமை காலை கணவரிடம், “வெளிக்கிடுங்கோ” என்றேன்.

“உந்தக் காரிலயோ?”

“வேற எதில? மெதுவாத்தான் ஓடுவன்.”

புளியங்குளம் சந்தி தாண்டும்வரை அவர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பிறேக்கைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் அவருடைய காலும் காரின் தரையை அழுத்தியது.

வவுனியாக்காரர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு முஸ்லிம். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம்; புத்தளத்தில் வளர்ந்து, பெற்றோரோடு ஊர் திரும்பியவர். பேச்சில் அது தெரிந்தது. என்னென்ன மாற்றியது, எப்போதிருந்து லைற் எரிகிறது என்று என்னிடமே கேட்டார். என் பெடலைக் குனிந்து பார்த்தார். “நல்லாப் பொருத்தியிருக்காங்க” என்றார், அவ்வளவுதான். பிறகு மெசினைக் கொளுவி, அதன் திரையை என் கணவரின் கையில் கொடுத்தார்.

“ரீச்சர் ஓட்டட்டும். நீங்க பக்கத்தில இருந்து இந்த நாலு நம்பரையும் சத்தமா வாசிங்க சேர். நாலு சில்லும் எவ்வளவு வேகத்தில சுத்துதுன்னு காட்டும்.” அவர் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார்.

றோட்டில் ஏறினேன். நாற்பதுக்கு வந்ததும் என் கணவர் வாசிக்கத் தொடங்கினார்.

“முன் வலது நாப்பது. பின் வலது நாப்பது. பின் இடது நாப்பது. முன் இடது...” நிறுத்தினார்.

“வாசிங்க சேர்.”

“பூச்சியம்.”

“திரும்ப வாசியுங்கோ” என்றேன் நான்.

“நாப்பத்திரெண்டு. நாப்பத்திரெண்டு. நாப்பத்திரெண்டு. பூச்சியம்.”

நான் மூன்று முறை வாசிக்க வைத்தேன். ஒருமுறை போதும், ஆனால் எனக்குப் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுகிற பிள்ளைபோல அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று சில்லும் ஓடுகின்றன, நாலாவது நிற்கிறது என்று கார் நினைத்துக்கொண்டிருக்கிறது. எந்தக் காலாலும் அப்படிச் செய்ய முடியாது.

திரும்பி வந்ததும் வவுனியாக்காரர் சில்லைக் கழற்றி, உட்பக்கமாக ரோச் அடித்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அலுமாரியிலிருந்து அதே மாதிரிப் புதிய பெயரிங் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு பக்கம் வெள்ளி நிறம். மற்றப் பக்கத்தில் கபில நிறத்தில் ஒரு வளையம். நம்பரும் அந்தப் பக்கத்தில்தான்.

“குண்டூசி ஒண்டு இருக்கா?”

சேலையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். வெள்ளிப் பக்கத்தில் வைத்தார், விழுந்தது. கபில வளையத்தில் வைத்தார், ஒட்டிக்கொண்டு நின்றது.

“இது காந்தம். இதைப் பாத்துத்தான் கார் சில்லின்ட வேகத்தை எண்ணுது. எண்ணுற சென்சர் உள்பக்கம் இருக்கு, அப்ப காந்தமும் உள்பக்கம் வரணும். உங்கட ஆள் திருப்பிப் போட்டுட்டாரு. மெதுவா ஊர்ந்தா கார் கண்டுக்காது, வேகம் எடுத்தாத்தான் லைற் வரும்.”

நம்பர் வெளிப்பக்கம். அடுத்தவர் வாசிப்பதற்கு. பழைய பெயரிங்குகளில் எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான், இதில் அப்படியில்லை. அந்தப் பழக்கத்தை நானும்தானே கைதட்டாத குறையாகப் பாராட்டினேன். மெக்கானிக் பிழை விட்டதற்கு எனக்குக் கோபமில்லை. தெரியாத பிழை யாருக்கும் வரும். தன் வேலையில் பிழை இருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட நினையாமல், கண்ணுக்கு முதலில் தெரிந்த என் காலில் கொண்டுபோய் அதை வைத்தாரே, அதற்குத்தான் கோபம்.

பழையதை அழுத்தி வெளியே எடுத்தால் திரும்பப் போடமுடியாது என்று வவுனியாக்காரர் புதியதையே போட்டார். பிறேக் லைற் போனது. வழுக்கும் கார் மட்டும் இன்னும் எரிந்தது. முன்பக்க வேலை செய்தபின் ஸ்ரியரிங் நேராக நிற்பது எந்த இடம் என்று காருக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். சமதரையில் நிறுத்தி, ஸ்ரியரிங்கை நேரே பிடிக்கச் சொல்லி, மெசினில் ஒரு பொத்தானை அமத்தினார். அதுவும் நூர்ந்தது. கழற்றிய பெயரிங்கை ஒரு கடதாசியில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது என் கணவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கள் காலை நான் வெளிக்கிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹோர்ன் கேட்டது. ஓட்டோ. வேண்டாமென்று சொல்ல இவர் மறந்துவிட்டார். ஓட்டோக்காரர் என்னைக் கண்டதும் இறங்கி ஓடி வந்தார்.

“ரீச்சருக்குக் கால் ஏலாதாம் எண்டு சொன்னவர். ஓட்டோவைப் படியடிக்கே கொண்டு வரட்டோ?”

நான் என் கணவரைப் பார்த்தேன்.

“வேற ஆருக்குச் சொன்னனீங்கள்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு விரலை மடித்தார். சந்திக் கடைக்காரர். தன்னுடைய தங்கச்சி. மெக்கானிக். எங்கள் அதிபர்.

“அதிபருக்குமோ?”

“உம்மை வெயிலில நிக்க விடவேண்டாம் எண்டு...”

அப்போதுதான் பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்பது விளங்கியது. மெக்கானிக் ஒரு பெயரிங்கைப் பிழையாகப் போட்டதற்கு இவர் ஒரு ஊர் முழுக்க என் காலை நொண்டியாக்கி வைத்திருக்கிறார், அதுவும் நல்ல காலை! கடதாசிப் பொட்டலத்தை எடுத்து அவருடைய கையில் வைத்தேன். சேலையிலிருந்த குண்டூசியையும் கழற்றிக் கொடுத்தேன்.

“ஓட்டோ பேசினது வீணாப் போகவேண்டாம். ஏறுங்கோ. சொன்ன இடமெல்லாம் போய், ஊசியை ஒட்டிக் காட்டி, எதில பிழையெண்டு சொல்லிப்போட்டுக் கந்தோருக்குப் போங்கோ. மெக்கானிக்கிட்ட முதல் போங்கோ.”

அவர் ஏறினார். மறுக்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். நான் கராச்சைக் கடந்தபோது ஓட்டோ வாசலில் நின்றது. உள்ளே என் கணவர் பெயரிங்கை நீட்டிப் பிடித்திருக்க, மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துத் துடைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிற்கவில்லை.

கடைசி மணி அடிக்க முன் அதிபர் என் வகுப்பு வாசலுக்கு வந்தார். கையில் வேலைப் பட்டியல். நூறு மீற்றர், இருநூறு மீற்றருக்கு நேரே என் பெயர் பேனையால் எழுதியிருந்தது.

“உங்கட அவர் ஓட்டோவில வந்து விளங்கப்படுத்தினவர். ஓட்டோக்காரரும் சேந்து விளங்கப்படுத்தினவர்” என்றார். கொஞ்சம் தயங்கினார். “என்ர மோட்டார் சைக்கிள் சில்லுக்குக் காத்துப் போயிட்டுது. பரந்தன் வரையும் உங்களோட வரலாமோ ரீச்சர்?”

“வாங்கோ சேர்.”

முன்னால் ஏறி இருந்தார். நெல் காய்ந்துகொண்டிருந்த இடம் வந்தது. மெதுவாக்குவதற்குக் காலைத் தூக்கிப் பிறேக்கில் வைத்தேன். பக்கத்தில் பார்த்தால், அதிபரின் கண் என் காலில்.

“சேர்,” என்றேன், “கால் என்ர. நீங்கள் றோட்டைப் பாருங்கோ.”